வீட்டுத் தோட்டத்திலிருந்து வருமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு நாள் யாராவது வந்து, "இவ்வளவு நன்றாக வளர்க்கிறீர்களே, விற்கலாமே!" என்று சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து மனத்தில் கணக்கு ஓடத் தொடங்கும். அப்படிக் கணக்குப் போடத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என் தோட்டத்தில் பல ஆண்டுகள் வளர்த்தும் விற்றும் தெரிந்துகொண்டவை.

சின்ன இடத்திலிருந்து உண்மையிலேயே வருமானம் வருமா?

வரும். எதை விற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

10 சதுர மீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 25 தக்காளிச் செடிகள் நெருக்கடியில்லாமல் நிற்கும். நல்ல பராமரிப்பில் செடிக்கு 2, 3 கிலோ கிடைத்தால் மூன்று நான்கு மாதங்களில் 50 முதல் 75 கிலோ. வீட்டுக்கு இது தாராளம். வியாபாரத்துக்கு ஒன்றுமே இல்லை. ஏக்கர் கணக்கில் விளைவிப்பவரோடு எடைக்கு எடை நின்று போட்டி போட வீட்டுத் தோட்டத்தால் முடியாது, முயலவும் கூடாது.

இப்போது அதே தக்காளியை நாற்றாகப் பாருங்கள். 98 குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு ஒன்று பிடிக்கும் இடம் சதுர மீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். ஒரு சதுர மீட்டரில் ஆறு தட்டு வைத்தால் 588 நாற்றுகள். நான்கைந்து வாரங்களில் விற்பனைக்குத் தயாராகிவிடும். அந்த இடம் மறுபடியும் காலியாகி அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கும்.

ஆகவே என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: கிலோவில் விற்பதை விட்டுவிட்டு, எண்ணிக்கையில் விற்பதற்கு வாருங்கள். நாற்று, வேர்பிடித்த குச்சி, விதைப் பொட்டலம், புதிதாகப் பறித்த கீரைக் கட்டு, அதற்கும் மேலாக உங்கள் கைத்திறன். சின்ன இடத்துக்கு ஏற்ற சரக்கு இவை.

மாத வருமானத்தையே இதை நம்பி இருக்கலாமா?

முதல் இரண்டு ஆண்டுகள் வேண்டாம். தோட்ட வருமானம் பருவத்தோடு ஏறி இறங்கும். விதைப்புக் காலத்தில் நாற்று கேட்டு ஆட்கள் வருவார்கள். கடும் வெயிலிலோ கடுங்குளிரிலோ யாரும் வரமாட்டார்கள். கைச்செலவுக்கும் தோட்டத்தின் சொந்தச் செலவுக்கும் போக மிஞ்சினால் முதல் ஆண்டுக்கு அதுவே நல்ல விளைச்சல்.

எதில் தொடங்குவது?

நாற்றில். இதற்கு முதலீடு குறைவு, காலம் குறைவு, தவறினால் இழப்பும் குறைவு. தக்காளி, மிளகாய், கத்தரி, கோஸ் போன்றவற்றை நாற்றுவிட்டு நட வேண்டும் என்பதால் இவற்றைக் கேட்டுவருபவர்கள் எப்போதும் உண்டு. பீன்ஸ், வெண்டை, முள்ளங்கி, கேரட் ஆகியவற்றை நேரடியாக விதைப்பதே நல்லது. அவற்றை நாற்றாக விற்று வாங்குபவரை ஏமாற்றத்துக்கு உள்ளாக்காதீர்கள். கேரட்டையும் முள்ளங்கியையும் பிடுங்கி நட்டால் ஆணிவேர் கோணிக்கொண்டு கிழங்கு கிளைவிட்டுப் போகும்.

நாற்றில் பெரிய எதிரி நாற்றழுகல் நோய். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தண்டின் அடியில் கறுத்துச் சாய்ந்து கிடக்கும். மண்ணிலும் அழுக்குத் தட்டிலும் இருக்கும் பூஞ்சை வகைகள்தான் காரணம். அவற்றுக்கு வேண்டியது ஓயாத ஈரம், காற்றோட்டமின்மை, அடர்த்தியான விதைப்பு. மருந்தைத் தேடுவதற்கு முன் இந்த மூன்றையும் சரிசெய்யுங்கள். தோட்டத்து மண்ணை அப்படியே தட்டில் நிரப்பாமல், தேங்காய் நார்த்தூளும் நன்கு மட்கிய உரமும் கலந்த கலவையைப் பயன்படுத்துங்கள். குழிக்கு ஒரு விதை போதும். தண்ணீரைக் காலையில் ஊற்றினால் மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும்.

அடுத்ததாக, நாற்றைப் பதப்படுத்தாமல் விற்காதீர்கள். நிழல்வலையின் கீழ் மென்மையாக வளர்ந்த நாற்று நேராக வெயிலுக்குப் போனால் இரண்டு நாளில் இலை வெளுத்துவிடும். விற்பதற்கு முந்தைய 7 முதல் 10 நாட்கள் தண்ணீரைச் சற்றுக் குறைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும் படவிடுங்கள். நாற்று குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக மாறும். நெடுநெடுவென்று வளர்ந்த நாற்றைத்தான் புதியவர்கள் ஆசையாக எடுப்பார்கள். அவர்கள் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, குட்டையான நாற்றை எடுத்துக் கொடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். வாங்கியவர் அடுத்த பருவத்தில் உங்களைத் தேடி வருவார்.

ரகத்தின் பெயரையும் விதைத்த தேதியையும் எழுதிய சீட்டு ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். மூன்று வாரத்தில் எல்லா மிளகாய் நாற்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குச்சி, பதியன், ஒட்டு: இவற்றில் எது எளிது?

குச்சிதான். புதினாக் கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் 10 முதல் 14 நாட்களில் வேர்விட்டுவிடும். வீட்டுக்குள் வளரும் அலங்காரக் கொடிகள் பலவும் அப்படியே. ரோஜா போன்ற கட்டைத் தண்டுகளுக்கு நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். நிழலும் காற்றில் ஈரமும் தேவை. குச்சியில் பாதி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். வேர் இல்லாத குச்சியால் இலை வழியே போகும் நீரை ஈடுகட்ட முடியாது என்பதே காரணம்.

பதியன் போடுவதில் கிளை தாய்ச்செடியிலேயே இருந்தபடி வேர்விடுவதால் தவறுவது குறைவு. ஆனால் ஒரு செடியில் சில பதியன்களே போட முடியும். ஒரு செடியின் கிளையை இன்னொரு செடியின் தண்டோடு இணைத்து ஒட்டுக்கட்டுவது கைப்பழக்கம். கத்தியும் கையும் பழகுவதற்குள் நிறைய ஒட்டுகள் காய்ந்துபோகும். பழகியவருக்கோ அது நல்ல தொழில். ஒட்டுச் செடி விதையில் முளைத்ததைவிடச் சில ஆண்டுகள் முன்பே காய்க்கும். தாய்மரத்தின் குணமும் மாறாது. அதனால் வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை.

எந்தச் செடியையும் பெருக்கி விற்கலாமா?

கூடாது. புதிய ரகங்களை உருவாக்கியவர்களுக்குப் பல நாடுகளில் சட்டப்படி உரிமை உண்டு. 1961-இல் பாரிசில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் வழியே வந்த ஏற்பாடு இது. அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிமைக் காலம் குறைந்தது 20 ஆண்டுகள்; மரங்களுக்கும் திராட்சைக் கொடிக்கும் 25 ஆண்டுகள். செடியோடு வந்த சீட்டில் 'பெருக்கக் கூடாது' என்று இருந்தால் உங்கள் வீட்டுக்கு வளர்த்துக்கொள்ளுங்கள், விற்பனைக்குப் பெருக்காதீர்கள். பழைய, பரவலாக வளர்க்கப்படும் ரகங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவையே போதும்.

காட்டிலிருந்து ஆர்க்கிட், கள்ளிச் செடிகளை எடுத்துவந்து விற்பதை நினைத்தே பார்க்காதீர்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், கள்ளிக் குடும்பத்தில் ஏறத்தாழ முழுவதும் அதன் பட்டியலில் உள்ளன. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஒரு பாறையில் பல ஆண்டுகள் எடுத்து வளர்ந்த செடி, தொட்டிக்கு வந்த சில மாதங்களில் செத்துப்போகிறது.

விதை விற்கலாமா?

விற்கலாம். ஆனால் இங்கே விற்பது உங்கள் வாக்குறுதியை. வாங்குபவர் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நீங்கள் கொடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு பருவத்தில் இரண்டு வகைப் பூசணியை அடுத்தடுத்து வளர்த்தேன். காய் அழகாக இருந்ததால் விதை எடுத்துப் பலருக்கும் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவர்கள் தோட்டத்தில் காய்த்தது இரண்டு வகையும் இல்லை. தோல் தடித்து, சதை சப்பென்று இருந்த ஏதோ ஒன்று. தேனீக்கள் இரண்டையும் கலந்துவிட்டிருந்தன. ஒவ்வொருவரையும் தேடிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்களுடைய ஒரு பருவத்தைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

அதனால் தன் மகரந்தச் சேர்க்கை கொண்டவற்றில் தொடங்குங்கள்: தக்காளி, பீன்ஸ், பட்டாணி, லெட்டூஸ். இவை பெரும்பாலும் தாயைப் போலவே வரும். மிளகாய் ஓரளவு கலக்கும். பூக்கும் கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டிவிட்டால் கவலையில்லை. பூசணி, சுரை, வெள்ளரி வகைகளுக்குக் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்து ஆண் பூவைப் பெண் பூவின் மேல் தடவி, மீண்டும் பெண் பூவைக் கட்டி, அந்தக் காம்பில் ஓர் அடையாளம் போடுங்கள். ஒரு காயே நூறு விதைக்கு மேல் தரும். மக்காச்சோளத்தை விட்டுவிடுங்கள். அதன் மகரந்தம் காற்றில் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். பக்கத்துத் தோட்டத்துக் கதிர் எதுவென்று நமக்குத் தெரியாது.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்திலிருந்து (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட்) விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து ஆளுக்கொரு விதமாக வரும்.

தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான உறை இருக்கும். சாற்றோடு சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் உறை கரைந்துபோகும். நல்ல விதை அடியில் தங்கும். பிறகு நிழலில் உலர்த்துங்கள். வெள்ளரியைப் பறித்துத் தின்னும் பருவத்தில் விதை எடுத்தால் முளைக்காது. கொடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும்.

சேமிப்புக்கு ஒரு பழைய விதி உண்டு: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும்போதும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறையும்போதும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினால் நம்பக்கூடாது. தக்காளி விதை நான்கு ஆண்டுகள் தாங்கும். எதுவானாலும் விற்பதற்கு முன் 20 விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 16-க்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பொட்டலத்தை நான் விற்பதில்லை.

பல நாடுகளில் விதை விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் காய்கறியே விற்கக்கூடாதா?

பறித்த சில மணி நேரத்தில் தரம் இழக்கும் பொருளாக இருந்தால் தாராளமாக விற்கலாம். தூரத்திலிருந்து லாரியில் வருபவர் தோற்கும் ஒரே இடம் அதுதான். கீரை வகைகள், புதினா, பேசில் போன்ற மணச் செடிகள், பிஞ்சு வெள்ளரி, கொடியிலேயே முழுதாகப் பழுத்த தக்காளி. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி ஆகியவை மாதக்கணக்கில் தாங்குபவை. அவற்றில் உங்களுக்குச் சாதகம் எதுவும் இல்லை.

கீரையைச் சூரியன் ஏறுவதற்கு முன் பறியுங்கள். அப்போதுதான் இலையில் நீர் நிறைந்திருக்கும். பறித்த கீரை தன் எடையில் 5 முதல் 10 சதவீத நீரை இழந்தாலே வாடிக் கிடக்கும்; பிறகு யாரும் தொடமாட்டார்கள். ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். பழுத்த வாழைப்பழமோ ஆப்பிளோ இருக்கும் கூடையில் கீரையை வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கிவிடும். பேசில் இலையைக் குளிர்பெட்டியில் வைத்தால் கறுத்துப்போகும். 10 டிகிரிக்குக் கீழே அது தாங்காது. தண்டைத் தண்ணீரில் நிற்கவைத்து வெளியிலேயே வைக்க வேண்டும்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது. என்னால் முடியுமா?

முதலில் வெயிலை அளந்து பாருங்கள். காய்க்கும் செடிகளுக்கு நேரடி வெயில் 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும். அதற்கும் குறைவென்றால் நிழல் விரும்பும் இலைச் செடிகளைக் குச்சியிலிருந்து பெருக்கி விற்பது உங்களுக்குப் பொருந்தும்.

நுண்கீரையும் பால்கனிக்காரர்களுக்கு ஏற்றது. விதையைத் தட்டில் நெருக்கமாகத் தூவி, முளைத்து வித்திலைகள் விரிந்த பருவத்தில், 7 முதல் 14 நாட்களில் வேருக்கு மேலே வெட்டி எடுப்பது. முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி, பட்டாணி எல்லாம் ஏற்றவை. பூஞ்சைமருந்து பூசிய விதைப்பு விதையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. உணவுக்கென்று விற்கும் விதைதான் வேண்டும்.

இதையும் முளைகட்டிய தானியத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். முளையை வேரோடு, விதையோடு உண்கிறோம். வெதுவெதுப்பான ஈரத்தில் முளை வளரும்போது கிருமியும் சேர்ந்து வளரும். 2011-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை தொற்று முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புடையது என்று கண்டறிந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டில் முளைகட்டி விற்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காளான் வளர்க்கலாமா?

சிப்பிக் காளான் வளர்க்கலாம். வைக்கோலைச் சுடுநீரில் பதப்படுத்தி, வடியவைத்து, காளான் வித்தோடு பையில் அடுக்கினால் 15 முதல் 20 நாட்களில் வெண்ணிழை பரவிவிடும். பிறகு 80 சதவீதத்துக்குக் குறையாத காற்று ஈரம், நல்ல காற்றோட்டம், 20 முதல் 30 டிகிரி வெப்பம். ஆனால் குடையிலிருந்து உதிரும் நுண்வித்துகள் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். தொடர்ந்து சுவாசித்தால் நோயாக முற்றவும் கூடும். படுக்கையறையில், குழந்தைகள் புழங்கும் அறையில் வளர்க்காதீர்கள். குடையின் ஓரம் தட்டையாவதற்கு முன் அறுவடை செய்யுங்கள்; முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்புழு உரம்?

நாற்று விற்பவர் கட்டாயம் செய்ய வேண்டியது; தனித் தொழிலாக வேண்டாம் என்பேன். எடை அதிகம், தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். ஆனால் உங்கள் நாற்றுக் கலவைக்கு வெளியில் உரம் வாங்காமல் இருப்பதே பெரிய மிச்சம். செம்மண்புழுவான ஐசீனியா ஃபெட்டிடா காய்கறிக் கழிவையும் காய்ந்த இலையையும் இரண்டு மூன்று மாதங்களில் உரமாக்கிவிடும். 15 முதல் 25 டிகிரியில் சுறுசுறுப்பாக இருக்கும். 35-ஐத் தாண்டினால் செத்துப்போகும். எண்ணெய், உப்பு, இறைச்சி சேர்ந்த மிச்சத்தைப் போடாதீர்கள். மிஞ்சும் உரத்தைச் சிறு பைகளில், நாற்று வாங்க வருபவரிடமே விற்றுவிடலாம்.

வெனிலா, குங்குமப்பூ வளர்த்தால் பெரும்பணம் என்கிறார்களே?

எண்ணிப் பாருங்கள். ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய 150 பூக்கள் வேண்டும். ஒரு கிழங்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு பூக்கள்தான் தரும். பூவிலுள்ள மூன்று சூலக இழைகளைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு எத்தனை பூ என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வெனிலாக் கொடி பூக்க மூன்று ஆண்டுகள் ஆகலாம். பூ விரிவது ஒரே ஒரு நாள். இயற்கையான துணைப்பூச்சி இல்லாத இடங்களில் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த முறையை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவர். அவர் காட்டித்தந்த வழியில்தான் இன்றும் உலகெங்கும் செய்கிறார்கள். காய் முற்ற ஒன்பது மாதம். மணம் வர அதைப் பதப்படுத்தப் பல மாதங்கள். ஆசைக்கு ஒரு கொடி வளர்ப்பது இன்பம். வருமானத்துக்கு வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: "எங்களிடம் கன்று வாங்குங்கள், விளைச்சலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். அவர்களுடைய வருமானம் விளைச்சலிலிருந்து வருகிறதா, உங்களுக்குக் கன்று விற்பதிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே விளைச்சலை விற்று, பணத்தைக் கையில் வாங்கிய இருவரை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊறுகாய், உலர்ந்த இலை, எண்ணெய் என்று செய்து விற்கலாமா?

உலர்ந்த இலைகளை விற்கலாம். கையில் நொறுக்கினால் சருகாக உடையும் அளவுக்கு உலர்ந்திருக்க வேண்டும். பூண்டையோ பச்சை இலைகளையோ எண்ணெயில் ஊறவைத்து அறை வெப்பத்தில் வைத்து விற்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. காற்றில்லாத, அமிலம் குறைந்த இடத்தில், போட்டுலிசம் என்ற கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இது குறையும்) 4.6-க்குக் கீழே இருக்கும் பொருளில் அது வளராது. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வேண்டும். நஞ்சு கலந்த எண்ணெய் பார்வைக்கோ மணத்துக்கோ மாறியிருக்க வேண்டியதில்லை. உணவுப் பொருள் எதுவானாலும் உங்கள் பகுதியின் உணவுப் பாதுகாப்பு உரிமத்தை முதலில் வாங்குங்கள்.

மொட்டை மாடியில் போட்டால்?

எடையைக் கணக்கிடாமல் ஒரு பாத்திகூடப் போடாதீர்கள். ஈரமண் கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டும். சாதாரண வீட்டுக் கூரையைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கூடுதல் எடைக்குத்தான் வடிவமைப்பார்கள். நார்த்தூள் கலந்த இலகுவான கலவை, ஆழம் குறைந்த தட்டுகள், சுவரையும் தூண்களையும் ஒட்டிய இடம் ஆகியவை பாதுகாப்பானவை. பெரிதாகச் செய்வதென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். இந்த வகையிலும் நாற்றுத் தட்டுதான் நமக்கு நண்பன்.

தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்?

வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 4, 5 லிட்டர். 10 சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் இறங்குகிறது. பிடித்துவைக்கத் தொட்டி இருந்தால் இருபது நாள் கவலையில்லை.

'இயற்கை விளைச்சல்' என்று எழுதி விற்கலாமா?

பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் செய்ததை அப்படியே எழுதுங்கள்: "ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கவில்லை; மண்புழு உரம் மட்டுமே இட்டது." உண்மையாக இருந்தால் அந்த ஒரு வரி போதும். மட்காத சாண எருவை மண்ணில் இட்டால், மண்ணைத் தொட்டு வளரும் கீரையையும் கிழங்கையும் அறுக்க 120 நாளாவது இடைவெளி விடுங்கள். பழைய வண்ணப்பூச்சு உதிரும் சுவரோரம், வாகனம் ஓயாத சாலையோரம் இருக்கும் மண்ணில் காரீயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் அங்கே வளர்ந்த கீரையை விற்காதீர்கள், நீங்களும் உண்ணாதீர்கள்.

விலை எப்படி வைப்பது?

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 98 குழித் தட்டில் விதைத்தீர்கள். 85 முளைத்தன. நோஞ்சான்களைக் கழித்து 75 தேறின. பருவம் முடிவதற்குள் 60 விற்றன. விதை, கலவை, தட்டு, தண்ணீர் எல்லாவற்றின் செலவையும் 98-ஆல் வகுக்காதீர்கள், 60-ஆல் வகுங்கள். அதோடு நீங்கள் செலவிட்ட மணி நேரத்துக்குக் கூலி சேருங்கள். உங்கள் பகுதியில் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதையாவது போடுங்கள். உழைப்பைக் கணக்கில் எழுதாதவர்கள் லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தங்கள் சொந்தக் கூலியைத்தான், அதுவும் அரைக்கூலி.

இப்படி வரும் விலை கடை விலையைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பொருளை விற்காதீர்கள். வேறு செடிக்கு மாறுங்கள்.

யாரிடம் விற்பது?

நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் 30 பேர் போதும். அவர்களுடைய எண்களை ஒரு கைப்பேசிக் குழுவில் சேர்த்து, வாரம் ஒருமுறை என்ன தயாராக இருக்கிறது என்று படத்தோடு போடுங்கள். நாள்தோறும் போடாதீர்கள். விதைப்பதற்கு முன்பே "யாருக்கு என்ன வேண்டும்" என்று கேட்டு எழுதிக்கொண்டால் மிஞ்சுவது பாதியாகக் குறையும். அஞ்சலில் செடி அனுப்புவது தனிக்கலை. சதைப்பற்றுள்ள செடிகள் வாரக்கணக்கில் தாங்கும். தக்காளி நாற்று இரண்டு நாள்கூடத் தாங்காது.

செடி தவிர வேறு வழி உண்டா?

உண்டு. நீண்ட காலம் நிலைப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். நாற்று வாங்கியவர் அடுத்த வாரமே இலையைப் படம் எடுத்து அனுப்பி, "ஏன் மஞ்சளாகிறது?" என்று கேட்பார். கீழ் இலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. புது இலையில் நரம்பு பச்சையாக இருந்து நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவு. இலையெல்லாம் தொங்கியும் மண் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. இதைப் பார்த்ததும் சொல்லத் தெரிந்த கண்ணுக்குப் பல ஆண்டுகள் செலவாகியிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு மதிப்பு உண்டு.

பிறர் வீட்டில் தோட்டம் அமைத்துத் தருவது, மாதம் ஒருமுறை போய்க் கவாத்து செய்து உரமிடுவது, வெளியூர் போகிறவர்களின் செடிகளைப் பார்த்துக்கொள்வது, ஐந்தாறு பேரை உட்காரவைத்து அரைநாள் வகுப்பு எடுப்பது ஆகியவற்றுக்கு உங்கள் தோட்டத்தின் பரப்பளவு தடையே இல்லை. படத்தின் வழியே சொல்லும் சின்ன ஆலோசனைக்கு நான் பணம் வாங்குவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதென்றால் கட்டாயம் வாங்குகிறேன்.

உரிமம், வரி?

செடி, விதை, உணவு மூன்றுக்கும் விதிகள் வேறு வேறு. விற்கத் தொடங்குவதற்கு முன் உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். எல்லை தாண்டிச் செடி அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

விற்காமல் மிஞ்சிய நாற்றுகளை என்ன செய்வது?

ஆறு வாரத்தைத் தாண்டினால் குழிக்குள் வேர் சுருண்டுகொள்ளும். தக்காளிக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது: தண்டில் வேர்விடும் குணம் அதற்கு உண்டு. கீழ் இலைகளைக் கிள்ளி, பெரிய தொட்டியில் பாதித் தண்டுவரை புதைத்தால் பத்து நாளில் திடமாக எழுந்துவிடும். அதைப் பூத்த செடியாகக் கூடுதல் விலைக்கு விற்கலாம். கீரை நாற்றுகளைச் சமைத்துவிடலாம். மற்றவற்றை அருகிலுள்ள பள்ளிக்குக் கொடுங்கள். குழந்தைகள் நட்டுவைத்த செடியைப் பார்த்துவிட்டுப் பெற்றோர்கள் வருவதுண்டு. வாங்கியவரை ஏமாற்றி மட்டும் கொடுக்காதீர்கள்: வயதான நாற்று என்றால் வயதைச் சொல்லியே கொடுங்கள்.

நோய் கண்ட நாற்றை மட்கு குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். காலியான தட்டுகளை மண் போகக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து அடுத்த விதைப்புக்கு எடுத்து வையுங்கள்.